முதலில் கிட்டார் பிரிட்ஜை வாங்குங்கள். பிறகு மரத்தில் கை வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிட்டார் செய்வது பற்றித் தங்கள் நாளிதழின் இளைஞர் இணைப்பில் வரும் தொடரை விடாமல் படித்து வருகிறேன். இப்படி ஒரு தொடர் தமிழில் வருவதே மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் சென்ற வாரப் பகுதியைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உடலை வெட்டி முடித்துவிட்டுப் பிடித்தமான பிரிட்ஜை, அதாவது உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் உலோகப் பாகத்தை, பொருத்திக்கொள்ளலாம் என்றும், சுருதியை ஏற்றி இறக்கக் கைப்பிடி வைத்த, மேலும் கீழும் ஆடுகிற டிரெமலோ வகையே சிறந்தது என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். மரத்தில் பள்ளம் வெட்டும் ரூட்டர் இயந்திரமும் பெஞ்ச் டிரில்லும் உள்ள பட்டறைக்கு அது சரியாக இருக்கலாம். ஒரு கை டிரில், இரண்டு உளி, ஓர் அரம் ஆகியவற்றோடு வீட்டுத் திண்ணையில் உட்காரும் பிள்ளைக்கு அது பொருந்தாது. உடல் வெட்டும் பகுதி அடுத்த வாரம் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன் இக்கடிதத்தை வெளியிடும்படி வேண்டுகிறேன்.

நான் தக்கலையில் தச்சு வேலை செய்பவன். கதவு, நிலை, ஜன்னல், தேவாலயத்துக்கு பெஞ்சு என்று போகிறது பிழைப்பு. எங்கள் மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தேவாலயம் இருக்கும். அதில் ஒரு பாடகர் குழு இருக்கும். அந்தக் குழுவில் கிட்டார் வாசிக்கும் ஒரு பையனோ பெண்ணோ இருப்பார்கள். அவர்களில் சிலர் தாங்களே செய்யத் தொடங்கிய கிட்டாரைத் துணியில் சுற்றி என் பட்டறைக்குக் கொண்டுவருவது பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அயனிப் பலகையில் உடலை அழகாக வெட்டியிருப்பார்கள். உப்புத்தாள் போட்டு, வார்னிஷ்கூட அடித்திருப்பார்கள். கழுத்தைத் திருகி முடித்திருப்பார்கள். பிறகுதான், "மாமா, இதில் பிரிட்ஜ் எங்கே வரும்?" என்று கேட்பார்கள். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஏன் முதல் நாளே என்று கேட்டால், கிட்டாரில் மற்ற எல்லா அளவுகளும் பிரிட்ஜின் உயரத்தையும் இடத்தையும் பார்த்துத்தான் அமைகின்றன. கழுத்து உட்காரும் பள்ளம் எவ்வளவு ஆழம், கழுத்து நேராக இருக்க வேண்டுமா, சாய்ந்திருக்க வேண்டுமா, உடலில் எங்கே துளை போடுவது என்பதையெல்லாம் பிரிட்ஜைக் கையில் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய முடியும். கடைகளில் கிடைக்கும், ஃபெண்டர் நிறுவனத்தின் கிட்டார்களைப் போன்ற வகைக் கழுத்தின் அடிப்பகுதி, விரல்பலகையோடு சேர்த்து, பொதுவாக 25.4 மி.மீ. கனம் இருக்கும். பள்ளத்தை 16 மி.மீ. ஆழம் வெட்டினால், விரல்பலகை உடலுக்கு மேல் 9.4 மி.மீ. அளவுக்கு எழும்பி நிற்கும். விரல்பலகையில் குறுக்காகப் பதித்த ஃப்ரெட் கம்பிகளின் உயரம் அதற்கு மேல் ஒரு மி.மீ. அளவு. தட்டையான தகட்டு பிரிட்ஜில் தந்தி தங்கும் சேடிலை ஏற்றி இறக்கினால், இந்த உயரத்துக்குச் சரியாக வந்து நிற்கும். கழுத்து உடலுக்கு இணையாக, நேராக இருந்தால் போதும். தட்டையான பள்ளத்தை உளியால் வெட்டுவது கதவுக்குக் கீல் பதிக்கத் தெரிந்த எவருக்கும் முடிகிற வேலை.

இதுவே இரண்டு தூண்களின் மேல் நிற்கும் டியூனோமேட்டிக் வகை பிரிட்ஜ் என்றால் கதை வேறு. கிப்சன் கிட்டார் நிறுவனம் 1950களின் நடுப்பகுதியில் கொண்டுவந்த வகை அது. நல்ல பிரிட்ஜ்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது மரத்திலிருந்து அதிக உயரத்தில் நிற்கும். அதற்கு ஏற்ப அந்த நிறுவனம் கழுத்தைச் சில டிகிரி பின்னுக்குச் சாய்த்தே ஒட்டுகிறது. அந்தச் சாய்வை உளியாலும் கண்பார்வையாலும் கொண்டுவரப் பார்க்கும்போதுதான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். கழுத்து முடியும் இடத்திலிருந்து பிரிட்ஜ் வரை சுமாராக 180 மி.மீ. தூரம். சாய்வில் ஒரு டிகிரி பிசகினால், பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் 3 மி.மீ. உயரம் மாறிவிடும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய மொத்த இடைவெளியே 2 மி.மீ.க்குள்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு டிகிரி எவ்வளவு பெரியது என்று புரியும்.

நர்சிங் படிக்கும் மாணவி ஒருத்தி அண்மையில் அப்படி ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தாள். கழுத்தை நேராகப் பொருத்திவிட்டு, தூண் வைத்த பிரிட்ஜைப் போட்டிருந்தாள். தூண்களை அடிமட்டம் வரை இறக்கியும் தந்திகள் விரல்பலகையை விட்டு எழும்பியே நின்றன. வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 5 மி.மீ. இருந்தது. அவ்வளவு தூரம் தந்தியை அழுத்தினால் விரல்நுனி வலிக்கும் என்பது ஒரு பக்கம். தந்தி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும் என்பது இன்னொரு பக்கம். அவளுடைய வேலையில் குறை எதுவும் இல்லை. பள்ளத்தின் ஓரம் நான் வெட்டியதைப் போல அவ்வளவு சுத்தமாக இருந்தது. தேர்ந்தெடுத்த பிரிட்ஜ்தான் அவள் செய்த உடலுக்குப் பொருந்தவில்லை. தூண் இருந்த இரண்டு துளைகளையும் அதே அயனி மரத்தில் குச்சி செதுக்கி ஒட்டி அடைத்தோம். தட்டை பிரிட்ஜ் ஒன்றை வரவழைத்துப் பொருத்தினோம். இப்போது ஞாயிறு ஆராதனையில் அதைத்தான் வாசிக்கிறாள்.

டிரெமலோ வகைக்கு வருகிறேன். ஃபிளாய்ட் ரோஸ் எனப்படும் பூட்டு வைத்த டிரெமலோவைப் பையன்கள் மிகவும் விரும்புகிறார்கள் என்று தெரியும். அதைப் பொருத்த உடலின் முன்பக்கம் ஆழமான பள்ளம் வேண்டும். பின்பக்கம் ஸ்பிரிங்குகளுக்கு இன்னொரு பள்ளம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே மரத்தைத் துளைத்து வழிவிட வேண்டும். கத்திமுனை போன்ற இரண்டு விளிம்புகள் சாய்ந்து நிற்கும் தூண்கள் ஒரே மட்டத்தில், அசையாமல் இருக்க வேண்டும். தலைப்பக்கம் தந்திகளைப் பூட்டும் நட்டையும் மாற்ற வேண்டும். இவ்வளவும் முடிந்தாலும் அது நிற்பது ஒரு சமநிலையில்தான். 10 முதல் 46 வரையான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தந்தியின் கனம்) சாதாரணத் தந்திக் கட்டைச் சரியான சுருதிக்கு முறுக்கினால், ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ இழுக்கும். அந்த இழுப்பை ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன் செய்கின்றன. ஒரு தந்தி அறுந்தால் சமநிலை குலையும். மீதி ஐந்து தந்திகளும் அந்த நொடியே சுருதி விலகிவிடும். பாட்டின் நடுவில், சபை முழுவதும் எழுந்து நின்று பாடும்போது அது நடந்தால் என்ன செய்வது? அசையாத பிரிட்ஜில் ஒரு தந்தி அறுந்தால் மீதி ஐந்தை வைத்துப் பாட்டை முடித்துவிடலாம்.

இந்த இடத்தில் பையன்கள் குயின் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயின் பெயரைச் சொல்வார்கள். சொல்ல வேண்டிய பெயர்தான். இங்கிலாந்தில் 1963இல், பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே, கடையில் கிட்டார் வாங்கப் பணமில்லாமல் தன் தந்தையோடு சேர்ந்து கிட்டார் செய்யத் தொடங்கியவர் அவர். பழைய வீட்டின் கணப்படுப்பு மரத்தில் கழுத்தைச் செதுக்கினார்கள். டிரெமலோவையும் வீட்டிலேயே செய்தார்கள். பழைய கத்தி அலகு ஒன்று அதற்கு விளிம்பாயிற்று, பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் இழுவிசையைத் தந்தன. ஆகவே கை டிரில்லால் முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தந்தை ஒரு மின்னணுப் பொறியாளர் என்பதையும், வேலை முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்துச் சொல்வேன். இரண்டு ஆண்டுகள் பொறுத்திருக்க மனமுள்ள பிள்ளை தாராளமாக டிரெமலோ செய்யட்டும். கிறிஸ்துமஸுக்குள் கிட்டார் வேண்டும் என்று ஓணத்துக்குப் பிறகு பலகை வாங்குகிற பிள்ளைக்கு நான் வேறு வழி சொல்லியாக வேண்டும்.

அந்த வழி லியோ ஃபெண்டர் காட்டியது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். 1950இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த, பின்னர் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிட்டாரைப் பார்த்தால் ஒரு தச்சனுக்கு உடனே பிடித்துப்போகும். தட்டையான பலகை, ஸ்க்ரூ போட்ட கழுத்து, ஸ்க்ரூ போட்ட பிரிட்ஜ் தகடு. எதுவும் ஒட்டுவேலை இல்லை, எதையும் கழற்றி மாற்றலாம். ஆனால் டெலிகாஸ்டரின் பிரிட்ஜ் தகட்டையே அப்படியே வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பும் சேர்ந்து வருவதால் அடியில் பள்ளம் வெட்ட வேண்டியிருக்கும். பழைய முறைத் தகட்டில் மூன்று சேடில்தான். இரண்டு தந்திக்கு ஒரு சேடில் என்பதால் ஒன்றைத் திருத்தினால் மற்றது விலகும். முதன்முறை செய்பவர்கள், பிக்கப் இடம் இல்லாத, ஆறு தந்திக்கு ஆறு தனிச் சேடில் உள்ள சாதாரணத் தட்டை பிரிட்ஜை வாங்கட்டும். ஹார்ட்டெயில் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

அதிலும் தந்தியைத் தகட்டின் பின்விளிம்பிலேயே கோக்கும் வகை இருக்கிறது. உடலைத் துளைத்துப் பின்பக்கமிருந்து தந்தியைக் கோக்கும் வகையும் இருக்கிறது. கை டிரில் மட்டும் இருந்தால் முதல் வகைதான். 40 மி.மீ.க்கு மேல் கனமுள்ள பலகையில் ஆறு துளைகளைக் கையால் செங்குத்தாக இறக்கி, பின்பக்கம் ஒரே வரிசையில் வெளிவரச் செய்வது அனுபவமுள்ள கைக்கே கடினம். உடலின் வழியாகத் தந்தி போனால்தான் நாதம் நிற்கும் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கலங்கடிக்கிறார்கள். 1950களின் இறுதியில் ஃபெண்டர் நிறுவனமே கொஞ்ச காலம் டெலிகாஸ்டரில் தகட்டிலேயே தந்தியைக் கோத்து விற்றது. இன்றும் அந்தக் கிட்டார்களை விரும்பி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்ஜ் தகடு மரத்தில் இடைவெளி இல்லாமல் படிந்து, ஸ்க்ரூ ஆடாமல் இருந்தால் நாதம் போதுமான அளவு நிற்கும் என்பது என் பட்டறையில் நான் கேட்டு அறிந்தது.

ஆறு தனிச் சேடில் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிக்கிறார்கள். ஒரு ஸ்வரம் பிசகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரில் ஃப்ரெட் மரத்தில் அறைந்து இறுகிவிட்டது. மயிரிழை நகர்த்த வேண்டுமானால் நகரக்கூடியது சேடில் ஒன்றுதான். தந்தியை அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. தடித்த தந்தியில் அந்த ஏற்றம் கூடுதல். அதைச் சரிக்கட்டத் தந்தியின் நீளத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். சரியாகச் சுருதி சேர்த்த கிட்டாரில் சேடில்கள் ஒரே கோட்டில் நிற்பதில்லை. மெல்லிய முதல் தந்தியிலிருந்து மூன்றாவது வரை ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போகும். கம்பி சுற்றிய நான்காவது தந்தியில் சேடில் திரும்ப முன்னுக்கு வரும். அங்கிருந்து ஆறாவது வரை மறுபடியும் பின்னுக்குப் போகும். சேடில்கள் இப்படி ஏறி இறங்கி நிற்பதைப் பார்த்து, ஏதோ கோளாறு என்று ஒரு பையன் எல்லாவற்றையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தான். கோளாறு இல்லை தம்பி, அப்படித்தான் இருக்க வேண்டும்.

இடம் குறிக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சென்ற வாரக் கட்டுரையில் அது இல்லை. முதலில் கழுத்தை உடலில் பொருத்திவிடுங்கள். தலைப்பக்கம் தந்தி தங்கும் நட்டின் முன்விளிம்பிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் உச்சி வரை அளந்து, அதை இரண்டால் பெருக்குங்கள். ஃபெண்டர் வகைக் கழுத்தில் 324 மி.மீ. வரும், இரட்டித்தால் 648. கிப்சன் வகையில் 628 மி.மீ.க்கு அருகில் வரும். கடைக்காரர் சொன்ன அளவை நம்பாமல் கையில் இருக்கும் கழுத்தை அளக்க வேண்டும். அந்தத் தூரத்தில் உடலின் மேல் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மூலைமட்டம் வைத்து, கழுத்தின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். பிறகு பிரிட்ஜில் மெல்லிய முதல் தந்தியின் சேடிலை முன்னுக்கு, அதாவது கழுத்துப் பக்கம், திருகி, முன்பக்கம் ஒன்றிரண்டு மி.மீ. மட்டும் மிச்சம் வையுங்கள். அந்தச் சேடிலில் தந்தி தொடும் உச்சி பென்சில் கோட்டின் மேல் நிற்கும்படி தகட்டை வையுங்கள். மற்ற எல்லாச் சேடில்களும் அங்கிருந்து பின்னுக்குத்தான் போகப் போகின்றன. அதற்கு இடம் இருக்கும். தகட்டின் நடுவில் சேடில்களை நிறுத்திவிட்டுக் கோட்டில் வைத்தால், ஆறாவது தந்திக்குப் பின்னால் போக இடம் போதாமல் போகலாம்.

இன்னும் ஸ்க்ரூ போடக் கூடாது. தகட்டை மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டு, நட்டின் இரண்டு ஓரக் காடிகளிலிருந்து இரண்டு ஓரச் சேடில்கள் வரை இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். கடைசி ஃப்ரெட்டில் இரண்டு நூல்களும் விரல்பலகையின் இரு ஓரங்களிலிருந்தும் ஒரே அளவு உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஒட்டிப்போனால் தகட்டை அந்தப் பக்கத்திலிருந்து சற்று நகர்த்துங்கள். இந்த நூல் பார்க்கும் வேலைக்கு ஒரு மாலைப்பொழுதே போனாலும் போகட்டும். தந்தி ஓரத்தில் வழுக்கி விழுகிற கிட்டாரை யாராலும் வாசிக்க முடியாது.

பிறகு துளை. தகட்டை வைத்தபடியே ஒவ்வொரு ஸ்க்ரூ இடத்தின் நடுவிலும் கூர்முனையால் ஒரு புள்ளி குத்திக்கொண்டு, தகட்டை எடுத்துவிட்டுத் துளை போட வேண்டும். பிட் ஸ்க்ரூவின் மறைக்கு உள்ளே இருக்கும் தண்டின் கனத்துக்குச் சமமாக இருக்கட்டும். எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அந்த இடத்தில் பிட்டில் ஒரு டேப் துண்டைச் சுற்றுங்கள். டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்திவிடலாம். அயனியும் தேக்கும் இறுக்கமான மரங்கள். பிரிட்ஜோடு வரும் சின்ன ஸ்க்ரூவை உலர்ந்த துளையில் வலுக்கட்டாயமாகத் திருகினால் தலை முறிந்து தண்டு உள்ளே தங்கிவிடும். அதை எடுப்பதற்குள் மரம் பாழாகும். மறையில் கொஞ்சம் தேன்மெழுகைத் தடவித் திருகுங்கள். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் அது கிடைக்கும். மெழுகுவர்த்தியும் போதும்.

தகட்டை நிரந்தரமாகத் திருகுவதற்கு முன் செய்ய வேண்டிய இன்னொரு வேலை உண்டு. தகட்டின் அடியிலிருந்து, வால்யூம் திருகு இருக்கும் பள்ளம் வரை, சாய்வாக ஒரு மெல்லிய துளை போட்டு ஒரு வயரை இழுக்க வேண்டும். வயரின் ஒரு முனையை உரித்துக் கம்பிகளைப் பரப்பித் தகட்டின் கீழே மாட்டிவிடுங்கள். மறுமுனையைக் கேபிள் செருகும் ஜாக்கின் எர்த் முனையில் பற்றவையுங்கள். இது இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயரில் ஓயாத இரைச்சல் இருக்கும். ஆனால் இதைச் செய்த பிறகு தந்தி, பிரிட்ஜ், ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டம் எல்லாம் மின்சாரத்துக்கு ஒன்றுதான் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் மின்கசிவு இருந்து, கட்டடத்தின் எர்த் இணைப்பும் பழுதாக இருந்தால், அந்த மின்சாரம் விரலுக்கு வரும். வாய்க்கு நேரே மைக்கும் இருந்தால் ஆபத்து அதிகம். பழைய கூடங்களில் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் செருகுவதைப் பார்த்திருக்கிறேன். அதை ஒருபோதும் செய்யக் கூடாது. வாசிக்கும் இடத்தின் எர்த்தை ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். இதைத் தொடரில் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

பிரிட்ஜ் வாங்கவே பணமில்லை என்கிற பிள்ளையும் இருக்கிறது. அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. தடித்த போல்ட் ஒன்றைச் சேடிலாகக் கிடத்தி, பின்னால் ஒரு இரும்பு ஆங்கிளில் துளையிட்டுத் தந்தியைக் கோத்தும் வாசிக்கலாம். தடித்த தந்திப் பக்கம் போல்ட்டை 3 மி.மீ. அளவு பின்னுக்குச் சாய்த்து வைத்தால் சுருதி ஓரளவு கூடிவரும். ஆங்கிளை நீண்ட ஸ்க்ரூக்களால் இறுக்குங்கள், 45 கிலோ இழுப்பை அதுதான் தாங்கப்போகிறது. பழகுவதற்கு இது போதும். பிறகு பணம் சேர்ந்ததும் தட்டை பிரிட்ஜ் வாங்கி அதே இடத்தில் வைக்கலாம்.

வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை: முதல் சேடிலுக்கும் ஆறாவது சேடிலுக்கும் உள்ள தூரம் எவ்வளவு? 52 மி.மீ. முதல் 54 மி.மீ. வரை இருக்கும், அது கழுத்தின் கடைசி ஃப்ரெட் அகலத்துக்குள் இரண்டு பக்கமும் இடம் விட்டு அடங்க வேண்டும். தந்தியைப் பின்விளிம்பில் கோக்கத் துளை இருக்கிறதா? சேடிலை மிகவும் இறக்கினால் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கும்? சேடிலைத் திருகும் அலன் கீ உடன் வருகிறதா? இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில், பெட்டியைத் திறந்து அங்கேயே ஸ்கேல் வைத்து அளந்து பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். விட மாட்டோம் என்றால் வேறு கடைக்குப் போங்கள். அளந்த பிரிட்ஜ் கைக்கு வந்த பிறகு பலகையில் கோடு போடலாம்.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளி ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.